அலகுக்காகத் திறந்த வாய்

நான் பல் கிளினிக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மலேசியாவில், கேமரன் மலையில் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, அங்கேயே கொழுந்து எடுத்து, முட்டி தேய்ந்த பிறகு கிளினிக்கில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன்.

போன மாதம், இப்போது கிளினிக்கில் வேலை பார்க்கும் பிள்ளைகள் போன் போட்டார்கள். வாயில் புற்றுநோய் வந்து கரண்டு வைத்த ஒருவர் வந்திருக்கிறாராம். கதிர் சிகிச்சையை எங்கள் லயத்து வீடுகளில் கரண்டு வைப்பது என்றுதான் சொல்வோம். பல்லைப் பற்றி இவர்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறாராம். வீட்டுக்குப் போய் ஒன்றும் செய்வதில்லையாம்.

"பார்வதிக்கா, முனியாண்டி அங்கிள் கதையை எழுதிக் கொடுங்கலா. படிச்சுக் காட்டுறோம்."

முனியாண்டியிடம் கேட்டேன். "பேரைப் போட்டே எழுதுங்கக்கா. ஒவ்வொருத்தனுக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் காயுது" என்றார். அதனால் எழுதுகிறேன். எஸ்டேட் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்த தமிழ். நீட்டி முழக்க வராது.

கிளினிக்கில் முதலில் தரையைத் துடைத்தேன். பிறகு சாமான் கழுவினேன். பிறகு கழுவிய சாமானை ஆவிப் பெட்டியில் அடுக்கக் கற்றேன். பிறகு எச்சில் இழுக்கும் குழாயைப் பிடித்துக்கொண்டு டாக்டர் பக்கத்தில் நின்றேன். என் படிப்பு அவ்வளவுதான். மலாய் தெரியாத தமிழாட்கள் வந்தால் அவர்கள் பேச்சை டாக்டருக்குச் சொல்வேன். டாக்டர் பேச்சை அவர்களுக்குச் சொல்வேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். நானாக எதுவும் பேச மாட்டேன். வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறவரிடம் பேசி என்ன பதில் வரப் போகிறது.

நான் அதிக நாள் வேலை பார்த்தது டாக்டர் ஹஸ்னாவிடம். கிளந்தான் மாநிலத்து மலாய்க்காரர். மலைக் குளிர் அவருக்குக் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கோட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டிருப்பார். ஆனால் தன் குளிரை நோயாளி மேல் காட்ட மாட்டார். பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை வெந்நீரில் முக்கித்தான் வாய்க்குள் விடுவார். நோயாளியைச் சாய்ப்பதற்கு முன் தன் முக்காலியைத் தாழ்த்தி, முகமூடியைக் கழற்றி, நேருக்கு நேர் உட்கார்ந்து, "பசியாறியாச்சா? என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பார். நான் அதைத் தமிழில் கேட்பேன். நலம் விசாரிக்கிறார் என்று எல்லாரும் நினைப்பார்கள். அவர் பல்லைப் பார்க்க ஆரம்பித்தாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

தமிழில் மூன்று சொல் அவருக்கு வரும். தொற, மூடு, துப்பு. ஒரு நாள் ஓய்வு பெற்ற கங்காணி ஒருவரைப் பார்த்துக் கையைக் காட்டி "துப்பு!" என்றார். கிழவர் எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டு போயே போய்விட்டார். அதற்குப் பிறகு "துப்புங்க" என்று சொல்லிக் கொடுத்தேன். டாக்டர் அதைச் சின்னப் பிள்ளைகளிடமும் "துப்புங்க" என்றே சொல்வார். பிள்ளைகள் சிரித்துத் துப்பாமல் விழுங்கிவிடும்.

முனியாண்டி பேக்டரியில் தேயிலை காயவைக்கும் பக்கம் வேலை செய்தவர். வெற்றிலையும் பொயிலையும் வாயை விட்டு இறங்காது. நாக்கின் வலது ஓரத்தில் ஒரு புண் வந்து ஆறவில்லை. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள். பிறகு வலது கன்னத்துக்கும் கழுத்துக்கும் கரண்டு வைத்தார்கள். அதற்கு முன்னால் கெட்டுப்போன பல்லைப் பிடுங்கி, இனி பல்லை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லித்தான் அனுப்பினார்கள். உனக்குப் புற்றுநோய் என்று கேட்டுவிட்டு வந்தவர் காதில் பல் பேச்சு எங்கே ஏறும்.

வியாதி போய்விட்டது. வெற்றிலையையும் விட்டுவிட்டார். பல் வலிக்கிறது என்று மனைவி தனலெட்சுமியோடு எங்களிடம் வந்தார்.

வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டார். கண்ணாடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சில் இல்லாத வாயில் அப்படித்தான். எடுத்து மறுபடி நனைத்து விட்டார். என் கையுறை அவர் உதட்டில் ஒட்டியது. வேசலின் தடவினேன். எச்சில் இழுக்கும் குழாய் என் கையில் சும்மா இருந்தது. இழுக்க ஒன்றுமில்லை. இத்தனை வருஷ வேலையில் அந்தக் குழாய்க்கு வேலை இல்லாமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

ஈறு ஓரத்தில் பல்லெல்லாம் பழுப்பு. எலி கொறித்த மாதிரி வட்டமாக அரித்திருந்தது.

டாக்டர் அவரை நிமிர்த்தி உட்காரவைத்தார். சட்டைப் பையைக் காட்டி அது என்ன என்று கேட்டார்.

"அசாம், டாக்டர். உப்புப் போட்ட புளிப்புப் பழம். வாய்ல போட்டா கொஞ்சம் ஊறும்."

"எத்தனை சாப்பிடுவீங்க?"

தனம் முந்திக்கொண்டாள். "எத்தனைன்னு கேக்காதீங்க. கடை மொதலாளி தவுக்கே இவர் தலையைக் கண்டதும் பொட்டலம் கட்டுறான்."

"தேத்தண்ணி?"

"பிளாஸ்க்ல கொண்டு போறேன். சீனி போட்டு. மடக்கு மடக்கா நாள் முழுக்க. நம்ம பேக்டரியில தேயிலைக்கா பஞ்சம்?"

டாக்டர் திட்டவில்லை. எச்சில்தான் பல்லைக் கழுவிக்கொண்டே இருக்கும் தண்ணீர் என்றார். கரண்டு வியாதியைக் கொன்றது, கூடவே எச்சில் ஊறும் இடத்தையும் சுட்டுவிட்டது, பழைய மாதிரி முழுசாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார். மற்றவர் வாயில் புளிப்பும் சீனியும் விருந்தாளி, உங்கள் வாயில் குடியேறிவிடும் என்றார். நான் அப்படியே சொன்னேன்.

முனியாண்டி அசாம் பொட்டலத்தை எடுத்துத் தனத்திடம் கொடுத்தார். அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "எனக்குத்தான் எச்சில் இருக்கே" என்றாள்.

அன்றைக்கு டாக்டர் சொன்னதுதான் இன்றைக்கும் சொல்வது. பச்சைத் தண்ணீர் போத்தல் எப்போதும் கையில். சாப்பிட்ட பிறகெல்லாம் மெத்தென்ற பிரஷ்ஷால் விளக்க வேண்டும். வலித்தால் பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்துக்கொள்ளலாம். ஆப்பச் சோடா மாவும் உப்பும் கொஞ்சம் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளிக்கலாம். கடையில் விற்கும், வாயை எரிக்கும் மருந்துத் தண்ணீர் வேண்டாம். வெற்றிலை பாக்கை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. ஆறு மாதம் வரட்டும் என்று இருக்காமல், கூப்பிடும்போதெல்லாம் வந்து காட்ட வேண்டும். யார் சொன்னாலும், எங்கே போனாலும், கரண்டு வைத்த வாய் என்று சொல்லாமல் பல்லைப் பிடுங்க வாயைக் காட்டக் கூடாது.

இன்னொன்று பல் உறை. ரோஸ் நிற மாவைக் குழைத்துத் தட்டில் வைத்துப் பல்லில் அழுத்தி அச்சு எடுப்போம். தட்டு உள்ளே போகும் அளவுக்கு அவர் வாய் திறக்கவில்லை. டாக்டர் பிள்ளைகளுக்கு வைக்கும் சின்னத் தட்டை எடுத்து, ஓரத்தை வெட்டி, பாதி பாதியாக எடுத்தார். வியர்த்துவிட்டது அவருக்கு. அந்த மலைக் குளிரில் அவர் வியர்த்து நான் பார்த்ததில்லை. அச்சை வைத்து மெல்லிசான உறை செய்து வந்தது. படுக்கப் போகும் முன் பல் விளக்கி, உறைக்குள் மருந்துப் பசையைத் தடவி, பல்லில் மாட்டி, கொஞ்ச நேரம் வைத்து எடுக்க வேண்டும். பசையைத் துப்பலாம். தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கக் கூடாது. மருந்து பல்லிலேயே கிடக்க வேண்டும்.

பிறகு குச்சி. நாக்கை அழுத்திப் பார்க்கும் தட்டைக் குச்சிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து வாயைத் திறந்து பழக வேண்டும். பழகப் பழக ஒரு குச்சி கூட்டலாம். வலிக்கும். கண்ணில் தண்ணீர் வரும். அதனால் யாரும் செய்ய மாட்டார்கள். வாங்கிக்கொண்டு போய் அடுப்பில் வைத்தவர்கள் உண்டு.

முனியாண்டி குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "இதைச் செஞ்சா பழையபடி முழுசா தொறக்குமா?"

டாக்டர், "எதுக்கு முழுசா திறக்கணும்?" என்றார்.

முனியாண்டி தனத்தைப் பார்த்தார். தனம் என்னைப் பார்த்தாள்.

"இவர் ஆஸ்பத்திரியில கெடக்கும்போது முருகனுக்கு வேண்டிக்கிட்டேன்க்கா. உசுரோட திருப்பிக் குடு, அடுத்த தைப்பூசத்துக்கு இவரை அலகு குத்த வைக்கிறேன், இந்தக் கன்னத்துல குத்தி அந்தக் கன்னத்துல எடுக்கறோம்னு."

டாக்டருக்கு அலகு என்றால் தெரியும். பூசத்தில் பார்த்திருக்கிறார். கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "தா போலே" என்றார். மலாயில் கூடாது என்று அர்த்தம். அதைத் தமிழில் சொல்ல நான் தேவையில்லை.

முனியாண்டி சிரித்தார். "டாக்டர்னா அப்படித்தான் சொல்வாங்க. வாய் தொறந்தாத்தானே குத்த முடியும். முதல்ல தொறக்கட்டும்."

"தொறந்தாலும் கூடாதுன்னுதான் சொல்றாங்க முனியாண்டி" என்றேன்.

"சரிக்கா. சரிக்கா."

அந்தச் சரியை நான் நம்பவில்லை.

ஆனால் குச்சி வைப்பதில் அவரைப் போல் ஒருவரை நான் பார்த்ததில்லை. வீட்டில் வைத்தார். லோரியில் வரும்போது வைத்தார். பேக்டரியில் தேயிலை உருட்டும் ரோலர் ஓடும் சத்தத்துக்கு நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பாராம். அவருக்கு 'முதலை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "முதலை, மூடுலா, தேயிலைத் தூசி உள்ள போவுது" என்பார்களாம். உறையை மறந்ததில்லை. அசாமைத் தொட்டதில்லை. தேத்தண்ணிக்குச் சீனியை விட்டார். சாப்பிட்டவுடன் விளக்கினார். அலகு குத்தும் வாய் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம். டாக்டருக்கு அது தெரியும். "காரணம் எதுவா இருந்தாலும் பல் விளக்குறார். பூசத்தைப் பத்திப் பூசம் வரும்போது பேசலாம்" என்று என்னிடம் சொன்னார்.

இடையில் ஒரு பல் தொல்லை கொடுத்தது. வலது பக்கம், கீழே, கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் நிற்கும் பல். நடுவில் உடைந்து நரம்பு தெரிந்தது. முகம் வீங்கி வந்தார்.

"புடுங்கிருங்க டாக்டர். தாங்க முடியல. நம்ம சுப்ரவைசர் சொல்றாரு, கீழ டவுன்ல போனா ஒரே இழுப்புல எடுத்துருவானாம்."

டாக்டர் முகமூடியைக் கழற்றினார். "அந்தப் பக்கத்து எலும்புக்கும் கரண்டு பட்டிருக்கு. பல்லைப் பிடுங்கினா குழி மூடாமப் போகலாம். எலும்பு வெளியே தெரிஞ்சு, சீழ் பிடிச்சு, தாடையே போனவங்களை நான் பார்த்திருக்கேன். பல்லைப் பிடுங்காம வலியை மட்டும் எடுக்கிறேன். ஆனா நீங்க வாயைத் திறக்கணும்."

அவர் திறந்தார். குச்சி பிடித்துப் பழகிய வாய். பிள்ளைகளுக்கு வைக்கும் சின்னச் சாமான் இல்லாமல் பெரிய ஆள் சாமானே உள்ளே போனது. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பல்லைச் சுற்றி ரப்பர் துணியை மாட்டினோம். அந்த ஒரு பல் மட்டும் துணிக்கு வெளியே நிற்கும். மெல்லிசான அரத்தை விரலில் பிடித்து நரம்புக் குழிக்குள் விட்டுத் திருப்பித் திருப்பி எடுத்தார். எடுத்ததை நான் வாங்கித் துடைப்பேன், அடுத்ததைக் கொடுப்பேன். இடையிடையே நிறுத்தித் துணியை விலக்கி உதட்டில் தண்ணீர் தொட்டு வைத்தேன். மருந்து வைத்து மூடி அனுப்பி, மறுபடி கூப்பிட்டு, மறுபடி கழுவி, கடைசியில் குழியை நிரப்பினார். பிறகு உடைந்த பல்லின் மேல்பக்கத்தை ஈறு மட்டத்துக்குச் சீவி மூடினார். வேர் எலும்புக்குள் அப்படியே இருந்தது. வெளியே பல் இல்லை. உள்ளே காயம் இல்லை. முனியாண்டி நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, "தேயிலையைக் கவாத்து பண்ணின மாதிரி பண்ணிட்டாங்க" என்றார். அதை மலாயில் சொல்ல எனக்கு வரவில்லை. டாக்டரை ஜன்னலுக்குக் கூட்டிப் போய், மட்டமாக வெட்டி விட்டிருந்த தேயிலைச் செடியைக் காட்டினேன்.

பூசம் நெருங்கியது. முனியாண்டி மாலை போட்டு விரதம் தொடங்கினார். ஒரு காலை, மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் சாமான் தட்டில் வைத்துப் பிரித்தார். வெள்ளி அலகு. முழம் நீளம். பிறகு வாயை ஆவென்று திறந்து காட்டினார்.

"இப்போ என்ன சொல்றாங்க கேளுங்கக்கா."

டாக்டர் வாயைப் பார்த்தார். வெந்நீரில் முக்கிய கண்ணாடியால் எல்லாப் பல்லையும் பார்த்தார். "ரொம்ப நல்லா வச்சிருக்கார். அலகு கூடாது."

தனம் அழ ஆரம்பித்தாள். "வாங்கிட்டு ஏமாத்துன மாதிரி ஆயிரும்க்கா. குடுத்த உசுரை முருகன் திருப்பிக் கேட்டா நான் என்ன பண்ணுவேன்?"

முனியாண்டி கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். "பக்தியோட குத்துனா ஒரு சொட்டு ரத்தம் வராது. மறுநாள் தழும்பு தெரியாது. அக்கா, நீங்க பாத்ததில்லையா? மனசறிஞ்சு சொல்லுங்க."

நான் பார்த்திருக்கிறேன். அதையும் டாக்டரிடம் சொன்னேன்.

டாக்டர் முக்காலியைத் தாழ்த்தி உட்கார்ந்தார். "உங்க சாமியைப் பத்தி நான் பேசல. ரத்தம் வந்தா எனக்குப் பயமே இல்லை. அந்தக் கன்னத்துல ரத்தம் வராததுதான் எனக்குப் பயம். கரண்டு பட்ட சதையில ரத்தம் ஓடுறது குறைஞ்சு போச்சு. காயத்தை மூடுறது ரத்தம்தான். அது வராட்டி ஓட்டை ஓட்டையாவே நிக்கும். சாப்பாடு வெளியே வழியும்."

நான் சொல்லி முடித்தேன். முனியாண்டி முகம் மலர்ந்துவிட்டது.

"கேட்டியா தனம்? ரத்தம் வராதுன்னு டாக்டரே ஒத்துக்கிட்டாங்க!"

இத்தனை வருஷம் இரண்டு பக்கமும் பேச்சைச் சுமந்த எனக்கு அங்கே வழி தெரியவில்லை. சொன்னதில் பிழை இல்லை. கேட்டதிலும் பிழை இல்லை. டாக்டரிடம் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். டாக்டர் அலகைக் காட்டினார்.

"இதை யார் குத்துவாங்க?"

"எஸ்டேட் கோயில் பண்டாரம்."

"அவர்கிட்ட நான் பேசணும்."

ஞாயிற்றுக்கிழமை நானும் முனியாண்டியும் தனமும் டாக்டர் ஓட்டிய காடியில் கோயிலுக்குப் போனோம். பூசாரியான பண்டாரம்தான் எங்கள் எஸ்டேட்டில் அலகு குத்துகிற கை. அவர் அப்பாவுக்கும் அதே கை. யார் பேச்சையும் லேசில் கேட்க மாட்டார். டாக்டர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வெளி வாசலில் நின்றார். கிளினிக்கில் சொன்னதையே சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

பண்டாரம் முனியாண்டியைக் கிட்டே கூப்பிட்டார். இடது கன்னத்தைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டார். வெள்ளையாகி, சிவந்து வந்தது. வலது கன்னத்தை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். நிறம் மாறவே இல்லை.

"தோலா இது? மேளத்துல கட்டுற தோலு மாதிரி இருக்கு."

"குத்த முடியாதா உங்களால?" என்றார் முனியாண்டி. சீண்டினார்.

"எனக்கா முடியாது? கல்லுலயும் குத்துவேன். ஆனா உனக்குக் குத்த மாட்டேன்."

"ஏன்?"

"அருள் வந்துச்சா வரலையான்னு நான் எதை வச்சுடா சொல்றேன்? ரத்தத்தை வச்சுத்தான். வரலைன்னா சாமி ஏத்துக்கிட்டான்னு அர்த்தம். உன் கன்னத்துல ரத்தமே ஓடலைன்னு இந்தம்மா சொல்றாங்க. அப்புறம் நான் குத்தி ரத்தம் வரலைன்னா, அது முருகனா, கரண்டா? எனக்கு எப்படித் தெரியும்? தெரியாததைச் சாமி பேரால நான் சொல்ல மாட்டேன்."

முனியாண்டி தனத்தைத் திரும்பிப் பார்த்தார்.

நான் டாக்டருக்குச் சொன்னேன். டாக்டர் பண்டாரத்தைப் பார்த்துக் கையைக் கூப்பினார். பண்டாரமும் கூப்பினார். கூச்சமாக இருந்திருக்க வேண்டும், உடனே தனம் பக்கம் திரும்பிவிட்டார்.

"வேண்டுனது யாரு?"

"நான்தான்."

"இவன் பால்குடம் எடுக்கட்டும். பாக்கியை நீ வந்து முருகன்கிட்ட நேரா பேசு."

பூசத்தன்று மழைத் தூற்றல். ஆற்றங்கரையில் இருந்து தேயிலை ரோடு வழியாகக் கோயில் வரைக்கும் ஊர்வலம். அலகு குத்தியவர்கள் வாய் பேசாமல் முன்னால் போனார்கள். முனியாண்டி மஞ்சள் வேட்டியில், தலையில் பால்குடத்தோடு, பின்னால் வந்தார். தனம் தண்ணீர் போத்தலோடு கூடவே நடந்து, அவர் நிற்கும் இடத்தில் எல்லாம் ஒரு மடக்கு கொடுத்தாள். கோயில் மேடு ஏறும்போது முனியாண்டிக்கு உடம்பு உதறியது. "வேல்! வேல்!" என்று கத்தினார். கரண்டு வைத்த பிறகு அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. முன்னால் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பால் ஊற்றி முடிந்தது. தனம் சன்னதியில் நின்றாள். எல்லாருக்கும் கேட்கும்படிதான் பேசினாள்.

"இவர் வாயைத்தான் உனக்குத் தரேன்னு சொன்னேன். ராவும் பகலும் குச்சி வச்சு அழுது அழுது தொறந்த வாய் இது. இதுக்கு மேல வலி வேணும்னா என்னைக் கேளு. அவரைக் கேக்காதே. கணக்கு முடிஞ்சுச்சு."

மணி அடித்தது. அவள் திரும்பினாள். "வாங்க. சாப்பாடு போடுறாங்க. குழம்பு தீர்ந்துட்டா உங்களால விழுங்க முடியாது."

முனியாண்டி சோற்றில் நிறையக் குழம்பு ஊற்றிப் பிசைந்து மெதுவாகச் சாப்பிட்டார். இரண்டு பக்கமும் மென்றார். எழுந்து கோயில் பின்புறக் குழாய்க்குப் போனார். உடம்பெல்லாம் திருநீறு, கழுத்தில் மாலை. இடுப்பில் இருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே பிரஷ்.

பேக்டரி ஆட்கள் பார்த்துவிட்டார்கள். "டேய், இங்க பாருங்கடா! சாமி பல்லு வெளக்குது!"

முனியாண்டி அவசரப்படவில்லை. ஈறு ஓரமாக, ஒவ்வொரு பல்லாக, முன்னும் பின்னும் தேய்த்து முடித்தார். நுரையைத் துப்பினார்.

"கரண்டு வச்ச சாமிடா. வெளக்கித்தான் ஆவணும்."